பெட்டி வேண்டாம், கேள்வி போதும்: பாலாற்றுப் பாலங்களில் ஒரு புதையல் வேட்டை

சென்னையிலிருந்து பெங்களூருக்கு பஸ்ஸிலோ ரயிலிலோ போகிறவர்களுக்கு ஆம்பூர் என்றால் இரண்டே விஷயம்தான். ஒன்று பிரியாணி, இன்னொன்று தோல். ஊர் நெருங்கும்போதே இரண்டையும் மூக்கு சொல்லிவிடும். பத்து நிமிடத்தில் ஊரும் முடிந்துவிடும். ஊரை ஒட்டி ஒரு ஆறு ஓடுகிறது என்பது பல பேருக்குத் தெரியாது. "ஓடுகிறது" என்பதே கொஞ்சம் அதிகம்தான். ஒரு ஆறு கிடக்கிறது. அதுதான் பாலாறு.

அந்த ஆற்றின் மேல் போகும் பாலங்களைக் கவனித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். கீழே பார்த்தால் மணல், சீமைக் கருவேலம், ஒரு ஓரமாகத் தேங்கிய தண்ணீர். ஒரு பையன் நாலு எட்டில் தாண்டிவிடக்கூடிய ஓடை. மேலே பார்த்தால் போய்க்கொண்டே இருக்கும் பாலம். இந்தத் தண்ணீருக்கு எதற்கு இவ்வளவு நீளம்? கட்டியவர்களுக்குக் கணக்குத் தெரியாதா?

இந்தக் கேள்வியை நின்று கேட்பவர்கள் குறைவு. ஆனால் ஊர் ஊராக ஆட்களை இறக்கிவிட்டு இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க வைக்கும் விளையாட்டு ஒன்று உலகத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஜியோகேச்சிங். வெளிநாடுகளில் ஒரு வட்டாரத்தின் நடைபாதைகள், பழைய பாலங்கள், கோட்டைகள் எல்லாவற்றையும் கோர்த்து இந்த விளையாட்டைப் போட்டியாகவே நடத்துகிறார்கள். வாணியம்பாடியிலிருந்து ஆம்பூர் வழியாக வேலூர் வரை பாலாற்றங்கரையில் அப்படி ஒன்று கட்டாயம் நடக்க வேண்டும். ஆனால் அப்படியே இறக்குமதி செய்யக் கூடாது. அந்த விளையாட்டின் உயிர் என்று எல்லோரும் நினைக்கிற பெட்டியை மட்டும் எடுத்துவிட்டுத்தான் நடத்த வேண்டும்.

அது என்ன ஜியோகேச்சிங்?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் அமெரிக்க ராணுவத்துடையவை. பொதுமக்களுக்குக் கிடைக்கும் சிக்னலில் அவர்கள் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். அதனால் இடம் காட்டும்போது 100 மீட்டர் வரை தப்பும். 2000 மே 1-ல் அதிபர் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்த உத்தரவிட்டார். ஒரே இரவில் உலகம் முழுக்க ஜிபிஎஸ் கருவிகள் பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

அடுத்த இரண்டு நாளில், மே 3-ல், ஓரிகன் மாநிலத்தில் டேவ் அல்மர் என்பவர் ஒரு வாளியில் சில பொருட்களையும் ஒரு நோட்டையும் பென்சிலையும் போட்டுக் காட்டுக்குள் வைத்தார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவித்தார். "கண்டுபிடியுங்கள், எதையாவது எடுத்தால் எதையாவது வையுங்கள், நோட்டில் பெயர் எழுதுங்கள்." விளையாட்டின் விதி இவ்வளவுதான். இன்று உலகம் முழுக்க இப்படி மறைத்து வைத்த பெட்டிகள் முப்பது லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. சில பெட்டிகள் டிபன் பாக்ஸ் அளவு. சில, அந்தக் காலத்து கேமரா ஃபிலிம் டப்பா அளவு.

யோசனை புதிதல்ல. இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற சதுப்பு மேட்டில் 1854-லேயே ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, ஒரு ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு ஜாடியை வைத்து, அங்கே வரை நடந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையைப் போட்டுவிட்டுப் போகலாம் என்று ஆரம்பித்து வைத்தார்.

இதற்குத் தேவையான எண் மட்டும் என்ன புதிதா? 1802-ல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டைச் சங்கிலி போட்டு அளந்தார். அந்தக் கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக இந்தியா முழுவதையும் அளந்தார்கள். பூமியில் ஒரு இடத்தைத் துல்லியமான எண்ணாகச் சொல்லும் பெரிய வேலை இந்தியாவில் தொடங்கியது தமிழ்நாட்டில்தான். லாம்டனுக்கு ஆட்களும் யானைகளும் அரை டன் எடையுள்ள கருவியும் தேவைப்பட்டன. இன்று சட்டைப்பையில் இருக்கும் செல்போன் போதும்.

ஆம்பூரின் எண் ஏறத்தாழ 12.8 டிகிரி வடக்கு, 78.7 டிகிரி கிழக்கு. அட்சரேகை எண்ணில் புள்ளிக்குப் பின் மூன்றாவது இடம் ஒன்று மாறினால் தரையில் 111 மீட்டர் நகர்ந்துவிடும். நாலாவது இடம் மாறினால் 11 மீட்டர். ஒரு பாலத்தின் எந்தத் தூண் என்று சொல்ல அந்த நாலாவது இடமே கிட்டத்தட்டப் போதும். பள்ளியில் மனப்பாடம் செய்த அட்சரேகையும் தீர்க்கரேகையும் காலுக்குக் கீழே வருவது இங்கேதான்.

ஒரு பாலத்துக்கு எத்தனை கண்?

தமிழில் பாலத்தின் இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் "கண்" என்பார்கள். செங்கோட்டை - கொல்லம் ரயில் பாதையில் இருப்பதைப் பதிமூன்று கண் பாலம் என்றே சொல்வார்கள். அழகான சொல். பாலம் அத்தனை கண்களால் ஆற்றைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பாலத்தின் மேல் போகிறவர்கள்தான் பார்ப்பதில்லை.

கண் எத்தனை வேண்டும் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்? வழக்கமாக வருகிற தண்ணீரை வைத்து அல்ல. வரக்கூடிய பெரிய வெள்ளத்தை வைத்து. அந்த வெள்ளம் தடையில்லாமல் போக எவ்வளவு வழி விட வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் பாலத்தின் நீளம், உயரம், தூண்களின் ஆழம் எல்லாம் வருகின்றன. ஆகவே பாலம் என்பது சாலையின் ஒரு துண்டு மட்டுமல்ல, ஆற்றைப் பற்றி ஒரு பொறியாளர் எழுதி வைத்த வாக்குமூலம். "இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை ஆற்றுக்குச் சொந்தம். இன்று அது வராமல் இருக்கலாம், ஒரு நாள் வரும்" என்பது அதன் பொருள்.

பாலாறு விஷயத்தில் இந்த வாக்குமூலம் பொய்க்கவில்லை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தில் கொஞ்சம் நடந்து, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வயலூர் அருகே கடலில் சேரும் 348 கிலோமீட்டர் ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் தமிழ்நாட்டில்தான். வருடத்தில் பெரும்பாலான நாட்கள் மணலுக்குக் கீழேதான் தண்ணீர் போகும். அதனால் மேலே வெறும் மணலைப் பார்த்தவர்கள் ஆறு செத்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானப் பக்கம் பெய்த பெருமழையில் ஏரிகள் உடைந்து, அந்தத் தண்ணீர் மொத்தமும் பாலாற்றில் இறங்கியது. வாணியம்பாடி நகரத்தில் பெரும் பகுதி அழிந்தது. ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக எழுப்பிய நினைவுத்தூண் ஒன்று அந்த ஊரில் இருக்கிறது. தினமும் எத்தனையோ பேர் அதைக் கடந்து போகிறார்கள்.

அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. தாத்தாவின் தாத்தா பார்த்த வெள்ளம் பேரனுக்கு வெறும் கதை. ஆற்றுக்குள் வீடுகள் வந்தன, குப்பை வந்தது, மணல் போனது. 2021 நவம்பரில் பாலாறு மறுபடி வந்தது. பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம். ஆம்பூருக்குப் பக்கத்தில் மாதனூரையும் உள்ளியையும் இணைத்த தரைப்பாலத்தை அது அடித்துக்கொண்டு போனது. அடுத்த மாதம், டிசம்பரில், திருவலத்துக்கும் முகுந்தராயபுரத்துக்கும் இடையே பொன்னை ஆற்றின் மேல் உள்ள ரயில் பாலத்தில் சேதம் தெரிந்து, சென்னை - காட்பாடி தடத்தில் ஏகப்பட்ட ரயில்களை ரத்து செய்தார்கள். பொன்னை பாலாற்றில் சேரும் துணை ஆறு.

ஆற்றின் மணல் குறைந்து அடிமட்டம் இறங்கினால், தூணின் கால் வெளியே தெரிய ஆரம்பிக்கும். வெள்ளம் வரும்போது தண்ணீர் அந்தக் காலைச் சுற்றிச் சுழன்று இன்னும் குடையும். பாலங்கள் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை, கீழிருந்துதான் சரிகின்றன. திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் 1928-ல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சரிந்ததை நாடே பார்த்தது. பாலத்தின் மேல் ஆயிரம் முறை போனாலும் இந்த ஆபத்து தெரியாது. கீழே இறங்கிப் பார்த்தால்தான் தெரியும்.

கீழே இறங்க வைக்க ஒரு காரணம் வேண்டும் இல்லையா? அந்தக் காரணம்தான் இந்த விளையாட்டு.

ஆம்பூர், வழியில் இருக்கும் ஊர்

"பாலம் சரி, ஆம்பூரில் வேறென்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். ஆம்பூர் எப்போதுமே வழியில் இருக்கும் ஊர். மேட்டு நிலத்திலிருந்து கர்நாடகப் படை இறங்கினாலும், கடற்கரையிலிருந்து ஆங்கிலேயப் படை ஏறினாலும் இந்தப் பாலாற்றுப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் வர வேண்டும். 1749 ஆகஸ்ட் 3-ல் ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் தன் யானை மேலிருந்து போரிட்டு இறந்தது ஆம்பூர்ப் போரில். எதிரே சந்தா சாகிப், முசாபர் ஜங், கூடவே பிரெஞ்சுப் படை. தென்னிந்தியா யாருக்கு என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் மோதிக்கொண்ட கர்நாடகப் போர்களில் அது ஒரு திருப்பம். 1767-ல் ஹைதர் அலியின் படை ஆம்பூர் மலைக்கோட்டையை முற்றுகையிட்டது. கேப்டன் கால்வர்ட் தலைமையில் உள்ளே இருந்தவர்கள் உதவிப் படை வரும் வரை தாக்குப்பிடித்தார்கள். அதில் இருந்த சென்னை சிப்பாய்ப் படைக்கு "ஆம்பூர்" என்ற பெயரே போர்க் கௌரவமாகக் கிடைத்தது.

இன்னும் பின்னால் போனால் 9-ஆம் நூற்றாண்டு. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்து நடுகற்கள் ஆம்பூரில் கிடைத்திருக்கின்றன. ஆநிரை கவர வந்தவர்களோடு போரிட்டு மடிந்த வீரர்களுக்கு நட்ட கற்கள். மாடு பிடிக்க வந்த சண்டையில் தொடங்கி மாட்டுத்தோல் வியாபாரம் வரை, இந்த ஊரின் வரலாறு மாட்டை விட்டு விலகவே இல்லை :-)

படைகள் போன வழியில் பின்னாலேயே ரயிலும் வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அந்தப் பாதை அப்புறம் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகவே நீண்டு 1860-களின் தொடக்கத்தில் மேற்குக் கடற்கரையில் பேப்பூரைத் தொட்டது. பிறகு தேசிய நெடுஞ்சாலை. படை, ரயில், லாரி எல்லாம் ஒரே வழி. அந்த வழி ஆற்றைக் கடக்கிற இடமெல்லாம் ஒரு பாலம். பாலங்களை வரிசையாகப் பார்த்தாலே ஊரின் வரலாறு பாதி தெரிந்துவிடும்.

மற்ற ஊர்களில் பாலத்தின் கதையை யாராவது கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1726-ல் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குக் கட்டிக்கொடுத்த மர்மலாங் பாலம் இன்று இல்லை. பாரசீகம், ஆர்மீனியம், லத்தீன் மூன்றிலும் பொறித்த அதன் கல்வெட்டு மட்டும் போக்குவரத்து இரைச்சலுக்கு நடுவே நிற்கிறது. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கத் தாமிரபரணியின் மேல் 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் கட்டிய பாலம் இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. பாலாற்றுப் பாலங்களில் பலவற்றுக்கு இப்படி ஒரு பெயரோ கதையோ மக்கள் வாயில் இல்லை. பெயர் இல்லாததை யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள்.

பெட்டி ஏன் வேண்டாம்?

வெளிநாட்டில் பாலம் என்றால் ஜியோகேச்சர்களுக்குக் கொண்டாட்டம். தூணுக்கு அடியில், கைப்பிடிக்குப் பின்னால், இரும்பு விட்டத்தில் காந்தத்தோடு ஒட்டிப் பெட்டியை மறைப்பார்கள். அங்கேயே அதனால் சிக்கல் வந்திருக்கிறது. 2011 ஜூலையில் இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒருவர் தெருவோரம் குனிந்து எதையோ தடவுவதைப் பார்த்து சந்தேகப்பட்டுப் போலீசுக்குச் சொன்னார்கள். தெருவைக் காலி செய்து, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்த டப்பாவை வெடிக்க வைத்தார்கள். உள்ளே இருந்தது ஜியோகேச்.

இந்தியாவில் இதை நினைத்தே பார்க்க வேண்டாம். "கேட்பாரற்றுக் கிடக்கும் பொருட்களைத் தொடாதீர்கள்" என்று ரயில் நிலையத்திலும் பஸ் நிலையத்திலும் ஒலிபெருக்கியில் கேட்டு வளர்ந்த ஊர் இது. பாலத்துக்கு அடியில் ஒருவன் டப்பாவோடு பதுங்குவதைப் பார்த்தால் ஊர் மக்கள் பிடித்துப் போலீசில் ஒப்படைப்பார்கள். அவர்கள் செய்வது சரியும்கூட. ரயில் பாலம் என்றால் இன்னும் மோசம். அனுமதியில்லாமல் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவதே 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவுப்படி குற்றம். குற்றத்தை விடுங்கள், உயிர் போகும்.

இன்னொரு காரணமும் உண்டு. பெட்டி இருந்தால் ஆட்கள் பெட்டியைத்தான் தேடுவார்கள். தூணைத் தடவுவார்கள், தூணைப் பார்க்க மாட்டார்கள். டப்பா கிடைத்ததும் பெயரை எழுதிவிட்டு அடுத்த இடத்துக்கு ஓடுவார்கள்.

இதற்கு மாற்று அந்த விளையாட்டுக்குள்ளேயே இருக்கிறது. 2004-ல் "எர்த்கேச்" என்ற வகை வந்தது. அதில் பெட்டியே கிடையாது. ஒரு பாறைக்கோ அருவிக்கோ எண்ணைக் கொடுப்பார்கள். அங்கே போய் நின்று பார்த்தால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்விகளைக் கேட்பார்கள். பதில் சரியாக இருந்தால் கண்டுபிடித்ததாகக் கணக்கு. மறைப்பதற்கும் ஒன்றுமில்லை, சந்தேகப்படுவதற்கும் ஒன்றுமில்லை, மட்கி நாறுவதற்கும் ஒன்றுமில்லை. ஆம்பூருக்கு இதுதான் சரி.

எப்படிப்பட்ட கேள்விகள்?

கேள்வி நன்றாக இருந்தால்தான் விளையாட்டு நன்றாக இருக்கும். கூகிளில் பதில் கிடைக்கிற கேள்வி வீண். மாதிரிக்குச் சில:

1. காட்பாடி பாலாற்றுக்கு வடக்கே இருக்கிறது. ஜோலார்பேட்டை தெற்கே இருக்கிறது. அப்படியானால் நடுவில் எங்கோ ரயில் பாலாற்றைக் கடந்தே ஆக வேண்டும். எந்த இரண்டு நிலையங்களுக்கு நடுவே? ரயிலுக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்க வேண்டிய கேள்வி இது. தண்டவாளம் பக்கம் போகவே தேவையில்லை.

2. ஆம்பூரை ஒட்டிய ஒரு சாலைப் பாலத்தின் கண்கள் மொத்தம் எத்தனை? இன்று தண்ணீர் போவது எத்தனை கண் வழியாக? இந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதுங்கள். வருடம் முழுக்கப் பலர் எழுதினால் அதுவே ஆற்றின் நாட்குறிப்பு ஆகிவிடும்.

3. மாதனூர் - உள்ளி இடத்தில், தரைப்பாலத்துக்கும் உயர்மட்டப் பாலத்துக்கும் என்ன வித்தியாசம்? தரைப்பாலம் செலவு குறைந்தது. வெள்ளம் வந்தால் தண்ணீர் மேலேயே போகட்டும், அதுவரை வண்டி போகட்டும் என்று கட்டுவது. அது போய்விட்டால் அக்கரைக் கிராமத்துப் பிள்ளைகள் எத்தனை கிலோமீட்டர் சுற்றிப் பள்ளிக்குப் போக வேண்டும்? அளந்து சொல்லுங்கள்.

4. வாணியம்பாடி நினைவுத்தூணில் என்ன எழுதியிருக்கிறது? அங்கிருந்து ஆற்றின் இன்றைய கரை எத்தனை அடி? நடுவில் என்னென்ன கட்டியிருக்கிறார்கள்?

5. திருவலத்தில் பொன்னை ஆற்றின் மேல் 1930-களில் கட்டிய இரும்புப் பாலத்தைக் கரையில் நின்று பாருங்கள். பாரத்தைத் தாங்குவது சாலைக்குக் கீழே உள்ள பகுதியா, மேலே வில்லாக வளைந்த இரும்பா?

6. கடைசிக் கேள்விக்கு இடமே கிடையாது. வெள்ளத்தைக் கண்ணால் பார்த்த ஒரு முதியவரிடம் பேசுங்கள். தண்ணீர் எது வரை வந்தது என்று அவர் கைகாட்டும் இடத்தின் எண்ணைக் குறித்து வாருங்கள்.

ஆறாவது கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிய புதையல். அந்த முதியவர் போய்விட்டால் அந்த எண்ணும் போய்விடும். எந்தச் செயற்கைக்கோளாலும் அதைத் திரும்ப எடுக்க முடியாது.

அழுக்கையும் காட்ட வேண்டுமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். "வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து சாக்கடையைக் காட்டுவதா? ஊர் பெயர் கெடாதா?" தோல் தொழில் இந்த வட்டாரத்துக்குச் சோறு போடுகிறது. ஷூ தொழிற்சாலைகளில் வேலைக்குப் போகும் பெண்களை வைத்து எத்தனையோ குடும்பங்கள் நிமிர்ந்திருக்கின்றன. அமெரிக்கக் காட்டில் ஜியோகேச் தேடி நடக்கிறவர் காலில் இருப்பதே ஆம்பூரில் தைத்த ஷூவாக இருக்கலாம்.

ஆனால் இன்னொரு பக்கமும் ஊரின் வரலாறுதான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு, இந்தியாவில் சுற்றுச்சூழல் சட்டம் படிக்கிற மாணவர்கள் தவறாமல் படிப்பது. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும், ஆபத்து வரும் முன்பே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தோல் பதனிடும் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கு அதில் இருக்கிறது. அப்புறம் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நிலைமை சில இடங்களில் மாறியது. ஆனாலும் பிரச்சினை தீரவில்லை. 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் பாலாற்று மாசு பற்றித் தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும் அதை மாசு செய்தவர்களிடம் வசூலிக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் நடுவே 28 வருடங்களுக்கு மேல் இடைவெளி.

நாடு முழுக்கச் சட்டத்தை மாற்றிய ஒரு ஆறு, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கே வெறும் நாற்றமாக மட்டும் தெரிகிறது என்றால் அதுதான் அவமானம். ஊர் பெயர் அழுக்கைக் காட்டுவதால் கெடுவதில்லை, யாரும் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில் அழுக்கு சேருவதால்தான் கெடுகிறது. மாதம் இருபது பேர் பாலத்தடியில் நின்று தண்ணீரின் நிறத்தைத் தேதி போட்டு எழுதிக்கொண்டிருந்தால், இரவோடு இரவாகக் கழிவைத் திறந்துவிட நினைப்பவர் யாராக இருந்தாலும் ஒரு முறை யோசிப்பார். குப்பை லாரிக்கும் மணல் வண்டிக்கும் இதே கணக்குதான்.

யார் செய்வது, எப்படிச் செய்வது?

இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. முன்பு ஜிபிஎஸ் கருவி என்றால் ஆயிரக்கணக்கில் செலவு. இப்போது கல்லூரி மாணவர்களில் செல்போன் இல்லாதவர் குறைவு. வரைபடம் செய்வதிலும் முன்பு ஏகப்பட்ட அனுமதிகள் தேவைப்பட்டன. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அந்தக் கட்டுப்பாடுகளைப் பெருமளவு தளர்த்திவிட்டது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி, வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி, வேலூரில் ஊரீசு கல்லூரி என்று ஆற்றின் வரிசையிலேயே கல்லூரிகள் இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்டத்தில் வழக்கமாகச் செய்யும் மரம் நடுவிழாவுக்கு நடுவே ஒரு நாள் இதற்கு ஒதுக்கினால் போதும். வரலாறு படிப்பவர் கல்வெட்டைப் பார்ப்பார், வேதியியல் படிப்பவர் தண்ணீரைப் பார்ப்பார், தமிழ் படிப்பவர் முதியவர் சொல்வதை எழுதுவார்.

சில விதிகள் மட்டும் கறாராக இருக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது, பகலில்தான் போக வேண்டும். இல்லையென்றால் இது பையன்களின் விளையாட்டாக மட்டும் முடிந்துவிடும். பாலத்தடி பெண்கள் போகத் தயங்கும் இடமாக இருக்கும் வரை அந்தப் பாதை சரியாக அமையவில்லை என்றே அர்த்தம். கரையில் யாருடைய வயலாவது இருந்தால் கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றுக்குள் இறங்கவே கூடாது. ஆம்பூரில் வெயில் அடிக்கும்போதே கர்நாடகத்திலோ ஆந்திரத்திலோ பெய்த மழை வந்து சேரும். அந்த மூன்று மாதமும் பாலத்தின் மேலிருந்து பார்த்து, தண்ணீர் எத்தனை கண்ணை நிறைத்திருக்கிறது என்று மட்டும் எண்ணலாம்.

பரிசு? பரிசெல்லாம் வேண்டாம். ஜெயித்தவருக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உண்மையான லாபம் வேறு. அடுத்த பெருவெள்ளம் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அன்றைக்கு, "தண்ணீர் இது வரை வரும், இந்தத் தூணில் ஏற்கெனவே அரிப்பு இருக்கிறது, இந்தத் தெருவைக் காலி செய்யுங்கள்" என்று சொல்லத் தெரிந்த ஐம்பது பேராவது ஆற்றங்கரையில் இருப்பார்கள். 1903-ல் வாணியம்பாடியில் அப்படிச் சிலர் இருந்திருந்தால் அந்த நினைவுத்தூணுக்கு வேலை குறைந்திருக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், வேலூர்க்காரர்களே, யாராவது ஆரம்பியுங்களேன்! முதல் கேள்விக்கான விடை தெரிந்துவிட்டால் வெளியே மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்தவரும் ஒரு டிக்கெட் எடுத்து, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, வெளியே பார்த்துக்கொண்டே போகட்டும்.